தபால்பெட்டிப் பூனையும் என் வயிற்றெரிச்சலும்

டீச்சரின் இறுதிச் சடங்குக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பொறாமை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத என்னால் முடியாது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, பொறாமையோடு உற்றுப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

சிங்கப்பூர் ஈசூனில் அவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போதவில்லை. மேல்மாடிக்காரர்கள் வீட்டிலிருந்து முக்காலி கொண்டுவந்தார்கள். தாதியர் சீருடையோடு இருவர், விமான நிலைய அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமல் ஓடி வந்த ஒருத்தி, பேருந்து ஓட்டுநர் ஒருவர். எல்லாரும் பழைய மாணவர்கள். தூணோரம் பூனைகளுக்குச் சாப்பாடு போடும் சீன, மலாய்ப் பெண்கள் தனியாக நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலி வரிசைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, உதடு அசையுது? மந்திரமா?" என்று மனைவி கேட்டாள்.

"எனக்குன்னா எத்தனை நாற்காலி வேணும்னு பாக்குறேன்."

"உங்களுக்கா? நம்ம வீட்டுல இருக்கிற நாலு போதும் லா."

நானும் டீச்சரும் ஒரே உயர்நிலைப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியர்களாக இருந்தோம். ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த மேசை. வீடும் இரண்டு புளோக் தள்ளித்தான். வயதில் என்னைவிட ஓராண்டு மூத்தவர், உயரத்தில் என்னைவிட அரையடி குறைவு. பாடம் நடத்துவதில் நான்தான் கெட்டிக்காரன் என்று நான் நினைத்திருந்தேன். என் வகுப்பில் சிரிப்புச் சத்தம் தாழ்வாரம் வரை கேட்கும். ஆனால் மணி அடித்ததும் சிரித்த பிள்ளைகள் எல்லாரும் அவர் மேசைக்குப் போய் வரிசையில் நிற்பார்கள். ஒருத்திக்கு வீட்டில் பிரச்சினை, இன்னொருவனுக்குத் தமிழே வராது, மூன்றாமவளுக்குச் சும்மா அங்கே நிற்க வேண்டும். அவர் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டார். திருத்துகிற சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்பார், அவ்வளவுதான். நானும் ஒருநாள் பேனாவை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பையன் வந்து, "சார், பேனா எழுதலையா?" என்று கேட்டுத் தன் பேனாவைக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆசிரியர் தினம் எனக்கு ஆண்டுக்கொரு முறை வரும் வயிற்றுவலி. அவர் மேசையில் பூங்கொத்தும் அட்டைகளும் குவிந்து, சரிந்து, என் மேசையில் விழும். நான் அவற்றை எடுத்துத் திருப்பிக் கொடுப்பேன். "என்ன டீச்சர், இந்த வருஷம் கொஞ்சம் கம்மிதான் போல?" என்று சாதாரணமாகக் கேட்பேன். அந்தச் சாதாரணக் குரலுக்கு நான் காலையிலேயே ஒத்திகை பார்த்திருப்பேன். ஒருமுறை எனக்கும் ஓர் அட்டை வந்தது. உள்ளே, "எங்கள் டீச்சரின் பக்கத்து மேசை சாருக்கு" என்று எழுதியிருந்தது.

தேக்கா சந்தையில் இன்னும் மோசம். சனிக்கிழமை மீன் வாங்கப் போனேன். அங்கே அவரும் தள்ளுவண்டிப் பையோடு நின்றார். சிராங்கூன் சாலையிலிருந்து சந்தைக்குள் நுழைவதற்குள் பூக்கடையில் ஒரு "டீச்சர்!", காய்கறிக் கடையில் ஒரு "டீச்சர்!", சாலையைக் கடக்கும்போது விளக்கு மாறிய பிறகும் நடுவில் நின்று ஒரு "டீச்சர்!" மீன்கடைக்காரர் எங்கள் பள்ளிப் பழைய மாணவர். டீச்சருக்காகவே ஒதுக்கி வைத்திருந்த சின்ன மீன்களையும் தலைகளையும் பொட்டலமாக எடுத்து நீட்டினார்.

"உப்புப் போடாம அவிச்சுக் கொடுங்க டீச்சர், உங்க பூனைப் பிள்ளைங்களுக்கு."

பிறகு என்னைப் பார்த்தார். யோசித்தார். முகம் மலர்ந்தது.

"சார், நீங்க எங்களுக்கு உடற்கல்வி எடுத்தீங்கதானே?"

மூன்று ஆண்டுகள் அவருக்கு நான் தமிழ் எடுத்தவன். டீச்சர் சிரிப்பை அடக்கக் கணவாய் மீனைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மாணவர்கள் போகட்டும் என்று விட்டுவிடலாம். பூனைகளும் அவர் பக்கம்தான் என்று தெரிந்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை. தினமும் மாலை ஆறரைக்கு அந்தத் தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு என் புளோக்கின் கீழே வரும். கார்களுக்கு அடியிலிருந்தும், சாக்கடை மூடியின் மேலிருந்தும், சைக்கிள் நிறுத்துமிடத்திலிருந்தும் வாலை நிமிர்த்திக்கொண்டு பத்துப் பூனைகள் வரும். அவர் பழைய செய்தித்தாளை விரித்து, சாப்பாடு வைத்து, அவை முடிக்கும்வரை நின்று, சிந்தியதை ஈரத்துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு போவார். ஒரு பருக்கை கிடந்தாலும் யாராவது நகர மன்றத்துக்குப் புகார் எழுதுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தப் பத்துக்கும் இடது காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருக்கும். கருத்தடை முடிந்ததற்கு அடையாளம். மயக்கத்தில் இருக்கும்போதே மருத்துவர் செய்துவிடுவார். வெட்டிய காதைத் தூரத்திலிருந்து பார்த்தாலே, இதை மறுபடி பிடிக்க வேண்டியதில்லை என்று தெரிந்துகொள்ளலாம். பத்தையும் கூண்டு வைத்துப் பிடித்து, கிளினிக்குக்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து விட்டவர் டீச்சர்தான். எதற்கும் அவர் செல்லப் பெயர் வைக்கவில்லை. "பேர் வெச்சா கூண்டுல போட மனசு வராது சார்," என்பார். படுக்கும் இடத்தை வைத்துத்தான் அடையாளம்: சைக்கிள், படிக்கட்டு, தண்ணிக்குழாய்.

அப்போதுதான் பதினோராவதாக ஒரு பூனை வந்தது. சாம்பல் நிறம், மார்பில் வெள்ளை, இரண்டு காதும் முழுசாக. புளோக்கின் தபால்பெட்டிகளுக்குக் கீழே படுத்ததால் அது தபால்பெட்டி ஆயிற்று. யாரிடமும் போகாது. டீச்சரிடமும்கூடப் போகாமல் தூணுக்குப் பின்னால் நின்றது. அதைக் கண்டதும் என் மூளையில் விளக்கு எரிந்தது. இருபது ஆண்டுகளில் எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். உலகத்தில் ஏதாவது ஓர் உயிர் அவரைவிட என்னை அதிகமாக விரும்ப வேண்டும். மனிதராக இருக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை.

காலை ஆறு மணிக்குப் பேப்பர் வாங்கப் போவது என் வழக்கம். போகும்போது சட்டைப்பைக்குள் ஒரு டப்பா சால்மன் மீனை மறைத்துக்கொண்டு போனேன். முதல் வாரம் அது நான் போன பிறகுதான் சாப்பிட்டது. இரண்டாம் வாரம் நான் குந்தியிருக்கும்போதே சாப்பிட்டது. மூன்றாம் வாரம் சாப்பிட்டு முடித்துவிட்டு என் கணுக்காலில் முகத்தைத் தேய்த்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பேப்பர் வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன்.

"எனக்கு ஒரு நாள் சால்மன் வாங்கிக் கொடுத்திருக்கீங்களா?" என்றாள் மனைவி.

"நீ என் கால்ல முகத்தைத் தேய்ச்சிருக்கியா?"

அன்று காலை எனக்குப் பசியாற எதுவும் கிடைக்கவில்லை.

அதே சமயத்தில் டீச்சருக்கு ஒரு நெருக்கடி வந்திருந்தது. இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் நகர மன்றத்துக்கு எழுதியிருந்தார். பூனைகள் பெருகுகின்றன, எல்லாவற்றையும் அப்புறப்படுத்த வேண்டும் என்று. அதிகாரி வந்து பார்த்துவிட்டு, ஒரு மாதம் தவணை கொடுத்தார். மீதியிருப்பதற்கும் கருத்தடை செய்துவிட்டால் பூனைகள் இருக்கலாம். குட்டிகள் வந்துவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. மீதியிருந்தது தபால்பெட்டி மட்டும்தான். அது பெண்.

பூனையைக் கூண்டில் பிடிக்க ஒரே வழி பசி. முந்தைய நாள் மாலையிலிருந்து யாரும் எதுவும் போடக் கூடாது. மறுநாள் காலை கூண்டின் உள்கோடியில் மீனை வைத்தால் பசித்த பூனை உள்ளே போகும், கதவு விழும். மயக்க மருந்துக்கும் வெறும் வயிறுதான் தேவை. டீச்சர் சாப்பாடு போடும் பெண்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. நான்தான் சாப்பாடு போடுபவன் இல்லையே.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலேர்ந்து பட்டினி சார் அது. சனிக்கிழமை காலைல ஏழு மணிக்குக் கூண்டு வெச்சேன். கிட்ட வந்து மோந்து பாத்துச்சு. அப்புறம் உக்காந்து முகம் கழுவிட்டுப் போயிடுச்சு. எனக்கு ஒண்ணுமே புரியல."

எனக்குப் புரிந்தது. காது சூடாகிவிட்டது. "கூண்டு பழசோ என்னவோ," என்றேன்.

இரண்டாம் சனிக்கிழமை நான் உறுதியாகத்தான் இருந்தேன். வெறுங்கையோடுதான் போனேன். ஆனால் அது மின்தூக்கி வாசலில் காத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு சத்தம் போட்டது பாருங்கள். அது என்னைத்தான் கூப்பிட்டது, அவரை இல்லை. திரும்பி மாடிக்குப் போய் டப்பாவோடு வந்தேன். பாதிதான் போட நினைத்தேன். முழுசும் போட்டுவிட்டேன். ஏழு மணிக்குக் கூண்டு காலி.

மூன்றாம் சனிக்கிழமைக்குச் சாக்குச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. தவணை முடிய ஒரு வாரம்தான் இருந்தது. கிளினிக்கில் மறுபடி முன்பதிவு கிடைக்க அவர் மூன்று இடத்தில் கெஞ்சியிருந்தார். கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது. எல்லாம் தெரிந்தேதான் நான் ஆறு மணிக்கு டப்பாவைத் திறந்தேன். ஏனென்றால் பிடிபட்டால் தபால்பெட்டியும் அவருடைய பூனையாகிவிடும். தள்ளுவண்டிக்குப் பின்னால் வாலை நிமிர்த்திக்கொண்டு ஓடும் பதினோராவது பூனை. அதை நினைத்தபோது மற்ற பத்தின் கதி என் கண்ணுக்குத் தெரியவில்லை. வயிறெரிந்தால் கண் இவ்வளவு மோசமாகக் கெடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அன்று கூண்டை மூடத் துணி பிடிக்கவென்று என்னையே வரச் சொல்லியிருந்தார். ஏழு மணிக்கு நல்ல பிள்ளையாகத் துண்டோடு போய் நின்றேன். எதிர் புளோக்கில் பூனைகளைக் கவனிக்கும் சீன அம்மா ஒருவரும் இருந்தார். தபால்பெட்டி வந்தது. கூண்டைப் பார்க்கவே இல்லை. நேராக என்னிடம் வந்து, ஒரு கால், மறுகால் என்று சுற்றி, காற்சட்டையில் முகத்தைத் தேய்த்து, அண்ணாந்து பார்த்துக் கத்தியது.

"அலமா, சார்! யூ ஃபீட் ஆ?" சாப்பாடு போட்டது நான்தானா என்று பதறினார் சீன அம்மா.

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறர் கட்டுரையைப் பார்த்து எழுதியவனை அப்படித்தான் பார்ப்பார்.

"எத்தனை நாளா சார்?"

"ஆறு வாரம்."

"எத்தனை மணிக்கு?"

"காலைல ஆறு."

"இன்னிக்குமா?"

நான் தலையாட்டினேன்.

"என்ன போடுறீங்க?"

"சால்மன்." ஒரு கணம் விட்டு, "குழம்போட," என்றேன்.

அவர் சதுரங்கக் கல்மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சீன அம்மா கூண்டிலிருந்த மீனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் நகர்ந்துவிட்டார்.

"உங்களுக்கு என்ன சார் என்மேல கோவம்?"

"கோவம் இல்ல டீச்சர்." பொய் சொல்ல வேறு எதுவும் கிடைக்கவில்லை. "எல்லாம் உங்ககிட்டதான் வருது. பிள்ளைங்க, பூனைங்க, மீன்காரன். ஒண்ணாவது என்கிட்ட வரட்டுமேன்னு."

சொன்ன பிறகு பார்த்தால் அது ஐம்பது வயதைத் தாண்டியவன் சொல்லும் வாக்கியமாகவே இல்லை. அவர் சிரிக்கவில்லை.

"பூனைங்க என்கிட்ட வருதுன்னு யாரு சொன்னா? ஒரு பூனையையாவது நான் தொட்டு நீங்க பாத்திருக்கீங்களா?"

நான் யோசித்தேன். எத்தனையோ மாலைகள், மாடித் தாழ்வாரத்திலிருந்து உற்று உற்றுப் பார்த்தவன் நான். தாளை விரிப்பார், சாப்பாட்டை வைப்பார், பிறகு ஐந்து அடி பின்னால் போய் நிற்பார். அதற்குப் பிறகுதான் அவை வாய் வைக்கும். சுத்தத்துக்காக விலகி நிற்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

"சைக்கிள் இருக்கே, அது முன்னாடி என் தோள் மேல ஏறி உக்காரும். கூண்டுல போட்டேன். அன்னிலேர்ந்து கிட்ட வராது. பத்தும் அப்படித்தான். சாப்பாட்டுக்கு வரும், எனக்கு வராது. பிடிச்ச கையை அதுங்க மறக்காது சார்." எழுந்து கூண்டை மடித்தார். "வியாழக்கிழமை ஒரு இடம் கேட்டுப் பாக்குறேன். இது என்கிட்ட மாட்டாது. நீங்கதான் பிடிக்கணும்."

"டீச்சர், அப்புறம் அது என்னை..."

"ஆமா," என்றார்.

வியாழக்கிழமைக்கு இடம் கிடைத்தது. புதன் முழுதும் நான் கீழே இறங்கவில்லை. தபால்பெட்டி மின்தூக்கி வாசலில் நின்று கத்துவது ஐந்தாம் மாடிக்குக் கேட்டது. மனைவி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அவளைப் போல் நல்லவள் இல்லை.

மறுநாள் காலை கூண்டின் உள்கோடியில் சால்மனை வைத்தேன். டீச்சர் தூணுக்குப் பின்னால் நின்றார். தபால்பெட்டி ஓடி வந்தது. கூண்டு வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் தினமும் கூப்பிடுவது போலவே நாக்கைச் சொடுக்கினேன். அது நம்பி உள்ளே போனது. கதவு விழுந்த சத்தமும் அது அலறிய சத்தமும் ஒன்றாகக் கேட்டன. கம்பியில் மோதி மூக்கில் ரத்தம் வந்தது. துண்டைப் போர்த்த வேண்டிய நான் துண்டால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர்தான் அதை வாங்கிக் கூண்டை மூடினார்.

பூனை இன்னும் சினைப்படவில்லை என்றார் மருத்துவர். டீச்சர் கிளினிக் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை தபால்பெட்டிகளுக்கு எதிரே கூண்டைத் திறந்தோம். இடது காது நேராக வெட்டப்பட்ட சாம்பல் பூனை ஒன்று அம்பு மாதிரிப் பாய்ந்து மறைந்தது. நகர மன்ற அதிகாரிக்குப் படம் அனுப்பினார். பதினொன்றும் இருக்கலாம் என்று பதில் வந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் திருந்தினேன் என்று எழுதியிருப்பேன். ஆனால் இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். டீச்சர் கல்மேசையில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் தபால்பெட்டி. என்னைக் கண்டால் கார்களுக்கு அடியில் ஓடும் அதே தபால்பெட்டி. அவர் அதைத் தடவிக்கொண்டிருந்தார், மெல்ல, தப்புச் செய்கிறவர் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு. பதினொரு பூனைகளில் அவர் கை கூண்டில் போடாதது அது ஒன்றுதான். அந்த வேலையைச் செய்து கொடுத்தவன் நான். சால்மன் போட்டு வளர்த்து, பழி சுமந்து, கடைசியில் ஒரு பூனையைப் பரிசாகக் கட்டி அவர் மடியிலேயே வைத்திருக்கிறேன். எந்த ஆசிரியர் தினத்திலும் எனக்கு அப்படி எரிந்ததில்லை.

"நல்லா இருக்கா டீச்சர்?" என்று மேலிருந்து கத்தினேன்.

"உஸ், சார்! உங்க சத்தம் கேட்டா ஓடிடும்," என்றார்.

இரண்டு ஆண்டுகள் அப்படியே போயின. பிறகு அவருக்கு உடம்பு முடியாமல் போனது. மருத்துவமனையில் சேர்ந்தபோது தள்ளுவண்டியை என்னிடம் கொடுத்தார். மாலை ஆறரைக்கு நான் தாளை விரித்தேன், சாப்பாட்டை வைத்தேன், ஐந்து அடி பின்னால் போனேன். தபால்பெட்டிக்காகப் பதினைந்து அடி. முதல் மாதம் அது என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டது, தலையைக் குனியாமல். அவர் வழக்கமாக உட்காரும் கல்மேசையில் போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டாம் மாதம் தூரம் குறைந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, சால்மனும் வாங்கவில்லை. ஒரு திங்கட்கிழமை, தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, முழங்காலில் ஏதோ முட்டியது. குனிந்து பார்த்தேன். சாம்பல் தலை, வெட்டிய காது.

மறுநாள் அவரைப் பார்க்கப் போனேன். படுக்கையைச் சுற்றிப் பழைய மாணவர்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை தாழ்வாரத்தில் காத்திருக்க வேண்டியதாயிற்று. உள்ளே போனதும் ஒவ்வொன்றாகக் கேட்டார். சைக்கிளுக்குக் கண் ஆறிவிட்டதா, படிக்கட்டு இளைத்திருக்கிறதா, சிந்தியதைத் துடைக்கிறேனா. கடைசியில்தான் தபால்பெட்டிக்கு வந்தார்.

"சாப்பிடுதா?"

"சாப்பிடுது."

கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களைத் தொட விடுதா சார்?"

கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாதாரணமாகக் கேட்கும் குரல். அதற்கு எவ்வளவு ஒத்திகை வேண்டும் என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக அவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்படத் தயாராக இருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"எங்க டீச்சர்," என்றேன். "பதினஞ்சு அடி தள்ளி நின்னாதான் வாயே வைக்குது. என்னைக் கண்டாலே அதுக்கு ஆகல."

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்க முயன்றார், முடியவில்லை.

"அதுதான் சொன்னேனே, மறக்காது," என்றார். "பாவம் சார் நீங்க."

"பாவம்தான்," என்றேன். காற்சட்டையின் முழங்காலில் ஒட்டியிருந்த சாம்பல் முடி அவர் கண்ணில் படாமல், காலைக் கட்டிலுக்கு அடியில் மெல்ல இழுத்துக்கொண்டேன்.